எழுபது ஜிஎஸ்எம்மில் ஒரு விண்ணப்பம்

எங்கள் அலுவலகத்தில் மெல்லிய தாள் பொய்யைத் தாங்காது. தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். எழுபதில் வருகைப் பட்டியல், விடுமுறை நாட்கள் போன்றவற்றை மட்டும் அச்சடிக்கலாம். 'விரைவில் அனுப்பி வைக்கிறோம்' என்று எழுத எண்பது வேண்டும். ஆண்டறிக்கைக்கு நூற்றிருபது. கனம் போதாவிட்டால், பொய் வருகிற இடத்தில் தாள் பிரின்டருக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். அம்பத்தூரிலுள்ள இந்த பம்ப் கம்பெனிக்கு ஆறு வருடமாக நான்தான் தாள் வாங்குகிறேன். எதற்கு எது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்த முறை மேனேஜர் பிச்சுமணி என்னைக் கேட்காமல் தானே வாங்கிவிட்டார். நாற்பது பண்டில். அத்தனையும் எழுபது.

"எல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு? இதுல என்னய்யா பெருசா பார்த்து வாங்குறது?" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று காலையிலிருந்து ஒரு கடிதமும் வெளியே போகவில்லை. விற்பனைப் பிரிவில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரியில் பதினோரு தாள்கள் சுருண்டன. கடைசியில் கம்பெனியின் பெயரையும் பின்கோடையும் மட்டும் அச்சடித்து அனுப்பினார்கள்.

எனக்கு வேறு அவசரம். என் மாறுதல் விண்ணப்பம் நான்கு மணிக் கூரியரில் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். மனைவி ஜெசிந்தாவும் மகளும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். மகளுக்கு இரண்டு வயது. செல்போனைக் காட்டி அப்பா என்கிறாள்.

விண்ணப்பத்தைத் தட்டிப் பிரின்ட் கொடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், குடும்பத்தைப் பிரிந்திருக்கும் கஷ்டம் எல்லாம் ஒழுங்காக வந்தன. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்ற இடத்தில் சுருண்டது. மறுபடி கொடுத்தேன். மறுபடி அதே இடம். எட்டாம் வகுப்பிலிருந்து யோசிக்காமல் எழுதிவருகிற வரி அது. எடுத்துவிடவும் முடியாது. அந்த வரி இல்லாத விண்ணப்பத்தைத் தலைமை அலுவலகம் படிப்பதில்லை.

பக்கத்து மேசை ஹமீதா மேடம் எட்டிப் பார்த்தார். "தாளை ஏன் சார் திட்டுறீங்க? நீங்க உண்மையா இருந்துட்டா அது பாட்டுக்கு வந்துடப் போகுது."

"யாருக்கு உண்மையா இருக்கணும்?"

"பிச்சுமணி சார் வழியாத்தானே போகுது? அவருக்குத்தான்."

மணி மூன்று. மேனேஜர் அறைக்குப் போனேன். போன ஆடியில் மருத்துவ விடுப்பு எடுத்துக் குற்றாலத்தில் குளித்ததைச் சொன்னேன். அவருடைய ஜோக்குகளுக்கு ஒருமுறைகூடச் சிரிப்பு வந்து சிரித்ததில்லை என்றேன். தாள் வாங்கத் தெரியாதவர் எப்படி மேனேஜரானார் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருப்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ்வளவுதானா?"

"அன்னைக்கு உங்க டிபன் பாக்ஸ்ல வடையை எடுத்தது நான்தான் சார்."

"சரி, போய் பிரின்ட் போடுங்க."

இந்த முறை தாள் கடைசி வரி வரை நேராக வந்தது. அடியில் மேனேஜரின் பரிந்துரை வேண்டும். 'இவரை இழப்பது வருத்தமே' என்று அவர் தட்டியபோது சுருண்டது. 'இவர் போனால் போதும்' என்று மாற்றினார். வழுக்கிக்கொண்டு வந்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூரியர்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் பதில் மினி லாரியில் வந்தது. நான்கு பேர் சேர்ந்து இறக்கி, என் மேசையருகே சுவரில் சாத்தினார்கள். ஒரே தாள்தான். 'தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. அச்சில் ஒரு பிசிறு இல்லை. ஆத்திரத்தில் எட்டி உதைக்கப் பார்த்தேன். கால்தான் வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் ஜெசிந்தா கூப்பிட்டாள். "பதில் வந்துட்டா?"

"வந்துட்டு."

"எவ்வளவு தடிமன்?"

"ஒரு சாண் இருக்கும்."

"சரி, பிள்ளைட்ட போனைக் குடுக்கேன், பேசுங்க" என்றாள்.

பேசி முடித்ததும் மேனேஜர் வந்து, அந்தப் பதிலைப் பஞ்ச் செய்து ஃபைலில் போடச் சொன்னார். துளை போட நாளைக் காலை தச்சர் வருகிறார். ஃபைலைத் தேக்கில் செய்யவா வேம்பில் செய்யவா என்று போனிலேயே கேட்டார். தேக்கு என்று சொல்லியிருக்கிறேன்.