இடப்பக்கம் பார்த்த குருவி

சருகு ஒன்று அசைகிறது, பாலை மரத்தடியில், ஈரம் காயாத பழுப்புச் சருகு, ஒரு ஓரம் மெல்லத் தூக்கிக்கொண்டு மறுபடி படிகிறது, அவ்வளவுதான் நான் பார்த்தது, இருபத்து மூன்று வருஷமாக அவ்வளவேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தாயுமானவன் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறான், பார்த்தியா, பார்த்தியாடா என்கிறான் குரலே எழும்பாமல், கோடியக்காட்டில் அப்போதுதான் விடிந்திருக்கிறது, கடல் காற்றில் என் பைனாகுலர் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெள்ளைத் துணி போட்ட மாதிரி இருக்கிறது, துடைத்து நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, பார்த்தேன் என்கிறேன்.

ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுமாம், மழைக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்து இறங்கிச் சருகைப் புரட்டிப் புழு தின்னுமாம், உடம்பில் ஒன்பது நிறமாம், எல்லாம் எனக்குக் கேள்வி ஞானம்தான். தாயுமானவன் அதற்காகப் பதினோரு வருஷம் அலைந்தவன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நோட்டு உண்டு, அந்த நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு, போட்டவன் அவன்தான், மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தவனுக்கு ஒரு ஆளின் கண்ணில் நம்பிக்கை கிடையாது, ரெண்டு பேரும் பார்த்தாத்தான் நோட்டுல ஏறும், ஒருத்தன் பறவை பேரை எழுதணும், மத்தவன் பக்கத்துல கையெழுத்துப் போடணும் என்பான், தான் மட்டும் பார்த்த பறவைகளின் பேரை எத்தனை தடவை இரக்கமே இல்லாமல் கோடு போட்டு அடித்திருக்கிறான், படுபாவி. நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு வருஷத்தையும் ஒரே கோட்டில் அடித்திருப்பான். அதற்காகத்தான் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன், திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவன் தூங்கவேயில்லை, ஜன்னலில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

இப்போது அவனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, கண்ணில் அழுத்தமாம், ஓரமெல்லாம் இருண்டு நடுவில் ஒரு துளைதான் பாக்கி, பைப்புக்குள்ளேர்ந்து பார்க்கிற மாதிரிடா என்று சிரித்துக்கொண்டே சொன்னான், அந்தத் துளையும் தை வரைக்கும் தாங்காதுன்னுட்டாரு அண்ணே டாக்டரு என்று அவன் மனைவி வேதவல்லி என்னை வாசலில் நிறுத்திச் சொன்னது. அதற்குள் ஒரே ஒரு தடவை கோடியக்காட்டுக்குப் போயிடணும்டா, அதே மரம், அதே புரட்டாசிக் கடைசி ஞாயிறு என்றான் அவன். திருத்துறைப்பூண்டியிலிருந்து முதல் பஸ், வேதாரண்யத்தில் இறங்கி இட்லி, அங்கிருந்து கோடிக்கரை பஸ், தொப்பி, தண்ணீர், மாத்திரை டப்பா என்று அவன் சொல்லச் சொல்லக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதினேன், பைனாகுலர் என்று அவன் சொன்னபோது மட்டும் பேனா நின்றது, அட எழுதுடா, எனக்கில்ல, உனக்குத்தான், இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் சேர்த்து நீதான் பார்க்கணும், நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி என்றான். சட்டத்தையே மாற்றிவிட்டான், எனக்காக.

எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே ஒரு திருட்டு ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன், இந்த ஞாயிறு அந்த மரத்தடியில் நிஜமாகவே ஒரு ஆறுமணிக்குருவியை நான் பார்த்துவிட்டால் போதும், இருபத்து மூன்று வருஷத்துக் கையெழுத்து அன்றோடு உண்மையாகிவிடும், பிறகு நிம்மதியாகச் செத்துக்கூடப் போகலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் போனேன், பை கட்டித் தயாராகக் கட்டிலில் இருந்தது, அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க, சர்க்கரைக் காலு, முள்ளு குத்தினாக்கூடத் தெரியாது இவங்களுக்கு என்றாள் வேதவல்லி, நான் பையில் பைனாகுலர் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான், முகம் கொஞ்சம் தள்ளித்தான் திரும்பியது, அன்னைக்குப் பார்த்ததைச் சொல்லேன்டா, எனக்கு மங்கிக்கிட்டே வருது என்றான். நான் சருகைச் சொன்னேன், அதை மட்டும் எத்தனை நாள் வேண்டுமானாலும் சொல்லுவேன், அதன் ஈரம், நரம்பு, ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை, தூக்கிக்கொண்ட விதம், அதான்டா, அதே சருகுதான் என்று கட்டில் கிரீச்சிடத் துள்ளினான், அப்புறம், அப்புறம் என்றான். அப்புறம் எனக்கு என்ன தெரியும், பறவைப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன், பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணில் மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு என்றான். இடப்பக்கம் என்றேன், படத்தில் அது இடப்பக்கம்தான் பார்த்து நிற்கிறது.

அவன் நெற்றி சுருங்கியது, எனக்கு வலப்பக்கம்னுல்ல ஞாபகம், கடலைப் பார்த்த மாதிரி என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, நான்தான் தப்பா இருப்பேன்டா என்று மட்டும் சொன்னேன், சேச்சே, உன் கண்ணு நல்ல கண்ணு, மறதி எனக்குத்தான், இடப்பக்கம்தான், ஆமா, இப்ப நல்லா தெரியுது என்று கண்ணை மூடிக்கொண்டான், மூடிய இமைக்குள் அவன் அந்தக் குருவியை மெல்லத் திருப்பி நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான், வேதவல்லி, பையைப் பிரிச்சிடு, நாங்க போகல, அங்க போய் ஒண்ணும் தெரியாம நின்னேன்னா இதுவும் கலைஞ்சிடும், இவன் சொன்னதே போதும். அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். போவோம்டா, எனக்காகவாவது போவோம் என்றேன். உனக்கென்னடா, நீதான் பார்த்தவனாச்சே என்றான்.

சருகு ஒன்று அசைகிறது, பாலை மரத்தடியில், ராத்திரி என் மூடிய இமைக்குள், பைனாகுலர் கண்ணாடியில் இப்போது ஆவியில்லை, பூச்சி அரித்த ஓட்டைகூடத் துல்லியமாகத் தெரிகிறது, மணிக்கட்டைப் பிடிக்கத்தான் ஆளில்லை, பார்க்கல, தாயுமானவா, நான் பார்க்கலடா என்கிறேன், அவனுக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று, இடப்பக்கம் திரும்பியிருக்கும் குருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.