மூன்று ப்ளூடூத், ஒரே கோளாறு

என் மனைவி இனிமேல் பஸ்ஸில் போகப் போகிறாளாம். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் அவள். எட்டு வருஷமாகக் காலையில் என் காரில்தான் வருகிறாள், சாயங்காலம் என் வண்டியில்தான் திரும்புகிறாள். நடுவில் நான் ஊரெல்லாம் சுற்றி நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பேன். வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் என் எதிரே வந்து நின்று சொன்னாள்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து நான் பஸ்ல போய்க்கிறேன்."

"ஏன்? வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்களோட வர்றதும் ஒண்ணுதான், தனியா வர்றதும் ஒண்ணுதான்."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "பார்க்கலாம்" என்றேன். அது என் வாயில் ஊறிப்போன சொல். லிஃப்ட் எப்போது ஓடும், மறுபடி நிற்குமா, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, யார் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தாள்.

அன்று முழுவதும் அதே யோசனை. நாள் முழுக்க ஊரார் பல்லைப் பற்றிப் பேசுகிறவள், என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வாயில் பூட்டு. இது ஒரு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. வேலைக் களைப்பு என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது பஸ் என்கிறாள். நான் செய்த குற்றம்தான் என்ன? குடைந்து குடைந்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். போன்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் நேரம் பார்த்தா கூப்பிடுகிறார்கள்? வலது கையில் போன், இடது கையில் ஸ்டியரிங் என்றுதான் என் பாதி நாள் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவளுக்குக் கடுப்பாகத்தானே இருக்கும். கை படாமல் பேச வண்டிக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் பஸ் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

வண்டிக்குப் பாட்டுப்பெட்டி மாட்டும் கடை ஒன்று எனக்குத் தெரியும். நடத்துகிறவரை எல்லோரும் ஸ்பீக்கரம்மா என்பார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

"வண்டி ஓட்டும்போது கை வைக்காம போன் பேசணும்மா" என்றேன். அது போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

காதில் மாட்டுவது ஒன்று. தலைக்கு மேல் வெயில் மறைக்கும் தட்டில் கவ்வி நிற்பது ஒன்று. சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகினால் ரேடியோ வழியாகப் பேசுவது ஒன்று. ரேடியோவையே பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரை வைப்பது இன்னொன்று.

"மைக் தனியா வேணுமா, சேர்ந்தே வேணுமா? ஒரு போனா, ரெண்டு போனா? ஜன்னல் திறந்து ஓட்டுவீங்களா, மூடி ஓட்டுவீங்களா சார்?"

"திறந்தும் ஓட்டுவேன், மூடியும் ஓட்டுவேன். மனுஷன்தானேம்மா!"

நூறு ஒயரைப் பிரித்துச் சேர்க்கிறவன் நான். நாலு டப்பாவுக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்தேன். அவருக்கே பரிதாபமாகிவிட்டது போல.

"காதுல மாட்டுற ப்ளூடூத்லேருந்து ஆரம்பிங்க சார். இடது காதுல மாட்டுங்க. வலது காது ஜன்னல் பக்கம், அது ஹாரனுக்கு இருக்கட்டும்."

நியாயமாகப் பட்டது. மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சனிக்கிழமை மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒருவர் கூப்பிட்டார். பட்டனை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. "ஹலோ, ஹலோ" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். போய்க் கதவைத் திறந்துவிட்டபோது அவர், "நீங்களும் எங்கயோ மாட்டிக்கிட்டீங்கன்னு பயந்துட்டேன் சார்" என்றார். அந்த ப்ளூடூத்தைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன். அதுவும் ஊமை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. அதுவும் அப்படியே. இதற்குள் வீட்டில் பஸ் பாஸ் வந்து போட்டோவோடு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அந்தப் போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது.

மாதத்தின் கடைசி நாள், திங்கட்கிழமை மத்தியானம், ஸ்பீக்கரம்மாவிடம் எகிறிவிட்டேன்.

"மூணும் டப்பா! யாருக்குக் காது குத்துறீங்க? நானும் மெஷின்காரன்தான். எங்க தொழில்ல ஒரு கணக்கு இருக்கு. சந்தேகம் வந்தா பாகத்தை மாத்திப் போட்டுப் பாப்போம். கோளாறு போயிடுச்சுன்னா பழைய பாகம் கெட்டது. கோளாறு அங்கேயே நின்னா..."

"நின்னா?"

"அது மாட்டுற இடம் கெட்டது."

"மூணு மாத்தியாச்சு சார். அங்கேயேதானே நிக்குது?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "மாட்டுற இடம்னா?" என்று வேறு கேட்டேன். அவர் தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டனை அமுக்கினேன். இடது காதில் ஒன்றும் இல்லை. எரிச்சலோடு அதைக் கழற்றி வலது காதில் வைத்தேன்.

"சார், இப்ப கேக்குதா? அப்போலேருந்து உங்களைக் கூப்பிட்டுட்டே இருக்கேன். மூணும் நல்ல பீஸுதான்."

திரும்ப இடது. ஒன்றுமில்லை. திரும்ப வலது. ஐந்தாறு தடவை மாற்றி மாற்றி வைத்தேன். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். வீட்டில் எல்லோரும் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுவார்கள். வண்டியில் என் இடது பக்கத்தில் உட்காருகிறவள் யார், வலது காதை ரோட்டு இரைச்சல் நிரப்பும்போது அவள் குரல் எங்கே போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்பீக்கரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் கவ்வும் ஸ்பீக்கரை வண்டிக்குள் என் தலைக்கு மேலேயே மாட்டினார். "இது ரெண்டு காதுக்கும் பொது சார். ஆனா முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கிளினிக் வாசலில் அவள் வழக்கம்போல முன் கதவைத் திறந்தாள்.

"பின்னாடி உக்காரு. எனக்கு நேர் பின்னாடி."

"ஏன், இங்க யாரும் வர்றாங்களா?"

"உக்காரேன், சொல்றேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். இரண்டு தெரு ஓட்டினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போட்டு உடைத்துவிட்டேன்.

"எனக்கு இடது காது சுத்தமா கேக்கல. இன்னைக்குத்தான் தெரியும்."

என் வலது தோளுக்கு மேலே அவள் குரல் வந்தது. இந்த வண்டியில் அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"எப்போலேருந்து?"

"தெரியலையே."

"அப்போ மழையில, பாலத்து மேல கேட்டேனே, அது?"

"எந்த மழை? எந்தப் பாலம்?"

"போன வருஷம். என்னைப் பாத்தாலே வெறுப்பா இருக்கான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ரோட்டைப் பாத்துக்கிட்டே பார்க்கலாம்னு சொன்னீங்க. சரி, பாத்துட்டு ஒரு நாள் சொல்வீங்கன்னு இத்தனை நாள் இருந்தேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இன்னொரு தடவை கேளு" என்றேன்.

அவள் முன்னால் சாய்ந்து என் வலது காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். அதே வார்த்தைகள்.

"இல்ல. ஒரு நாளும் இல்ல" என்றேன்.

அவள் பின் சீட்டில் சாய்ந்துகொண்டாள். அவள் பேசவில்லையா, பேசி எனக்குக் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பி அவள் வாயைப் பார்த்தேன்.