முந்நூறு கிராம் குறைந்த தராசு

முதலாளிக்கு நான் தரவேண்டியிருந்தது பன்னிரண்டாயிரத்து நானூறு. பழைய இரும்புக் கிடங்கில் இருந்த மின்தராசின் விலை அது. அதை நான்தான் தூக்கினேன், நான்தான் கல்தரையில் போட்டேன். கை வழுக்கியது என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே போட்டேன்.

ஏன் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தராசு என்னோடு பேசியது. அதன் சிவப்பு எண்கள் மாறும்போதெல்லாம் என் மகளின் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விலா எலும்புக்கு வந்த அன்று தாங்க முடியவில்லை. தராசு பொய் சொல்லுது என்று கத்திக்கொண்டே போட்டேன்.

மூன்று பேர் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள் வார்டில் இருந்தேன். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரை முதலில் தூக்கத்தைக் கொண்டுவந்தது. இரண்டாவது வாரத்தில் குரல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனதுபோல இருந்தது. பிறகு தெருக்கோடிக்குப் போயிற்று. பிறகு ஒரு காலையில் கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். அது வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்து அழுதவன் அந்த வார்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதலாளி என்னைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார். வேறு யாராவது சேர்த்திருப்பார்களா என்று தெரியாது.

“வேலைக்கு வா. தராசு பக்கம் மட்டும் போகாதே. வாரம் இருநூறு பிடிச்சுக்குவேன்” என்றார்.

என் மனைவி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். அறுபத்திரண்டு வாரம்.

“ஒரு வருசத்துக்கு மேல ஆகுதுங்க. நடுவுல தராசுக்கு ஒரு பொறந்தநாள்கூடக் கொண்டாடிடலாம்” என்றாள். அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். சூட்டோடு நின்று நின்று பேச்சும் அப்படித்தான் வரும்.

என் வேலை உலோகம் பிரிப்பது. செம்பு ஒரு குவியல், பித்தளை ஒன்று, அலுமினியம் ஒன்று. கழுத்தில் கயிறு கட்டி ஒரு காந்தம் தொங்கவிட்டிருப்பேன். சந்தேகமான துண்டில் அதை வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் இரும்பு. அதனால் கிடங்கில் எல்லோருக்கும் நான் காந்தம்தான். பிரித்த கிலோவுக்குத்தான் கூலி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் பத்து மணிக்குத் தலை தொங்கிவிடும். கை ஓடாது, வாய் உலரும். கூலி பாதியாகக் குறைந்தது. அதிலும் இருநூறு போய்விடும்.

இரும்பை அமுக்கிக் கட்டும் பிரஸ்ஸை ஓட்டுபவர் என்னைவிட மூத்தவர். அவர் வாய் சும்மா இருக்காது.

“என்னப்பா காந்தம், பூனை மாதிரி தூங்கி வழியுறே? உன்னையும் பிரஸ்ல வச்சுக் கட்டி அனுப்பிடவா? எடைக்கு எடை காசு வரும்.”

“கட்டுங்கண்ணே. தூக்கத்தையும் சேர்த்து எடை போடச் சொல்லுங்க” என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளினிக்கில் மருந்தைப் பற்றி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நான் நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன். தொழிலாளர் சங்க அலுவலகத்தின் பின்னறையில், வேலை முடிந்து, தோள் வலியோடு படித்தேன். அங்கே பாடம் ஒவ்வொன்றும் ஒரு தாள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக் கதவில் பசை தடவி ஒட்டிவிடுவோம். போக வரப் பார்க்கலாம். எங்களுக்குத் தாள் என்றால் ஒரு பக்கம்தான்.

மருந்துத் தாளையும் அப்படியே ஒட்டினேன். மூன்று மாலை செலவழித்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். தூக்கம், வாய் உலர்தல், நடுக்கம், தசை இறுக்கம், எடை கூடுதல், சர்க்கரை, எழுந்து நிற்கும்போது மயக்கம். என் வாழ்க்கையில் நானாகப் படித்து முடித்த மிக நீளமான எழுத்து அதுதான். படித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. குரலே போய்விட்டதே, இனி எதற்கு இத்தனை வம்பு என்று தோன்றியது. மனைவியிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன்.

முதல் நாள் கொஞ்சம் தெளிவு. இரண்டாம் நாள் நான் பழைய ஆள். மூன்றாம் நாள் அந்த மாதத்திலேயே அதிகமாகச் செம்பு பிரித்தது நான்தான். நான்காம் நாள் மாலை கை கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் யாரோ மெதுவாக எண்ணத் தொடங்கினார்கள்.

குழாயை மூடினேன். எண்ணிக்கை நின்றது. திறந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

வீட்டுக்கு ஓடிப்போய் மாத்திரை அட்டையை எடுத்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று நாள் வராவிட்டால், வந்த நாளில் அதையும் சேர்த்துச் செய்து ஈடுகட்டிவிடுவோம். மூன்று நாள் பாக்கி, அன்றைய கணக்கு ஒன்று. நான்கு மாத்திரையை ஒரே வாயில் போட்டு விழுங்கினேன்.

மறுநாள் காலையில் என் கழுத்து இடது தோளை நோக்கித் திரும்பியிருந்தது. நான் திருப்பவில்லை, தானாகத் திரும்பி அங்கேயே பூட்டிக்கொண்டது. தாடை இறுகிவிட்டது. கண் மேலே மேலே போயிற்று. மனைவி இஸ்திரியைக்கூட அணைக்காமல் என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

கிளினிக்கில் நர்ஸ், “எத்தனை போட்டீங்க?” என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. நான்கு விரலைக் காட்டினேன். டாக்டர் வந்து பார்த்தார், ஊசி போடச் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் யாரோ பூட்டைத் திறந்ததுபோலக் கழுத்து நேரானது.

“எதுக்கு அண்ணா நாலு?” என்றார் நர்ஸ்.

“மூணு நாள் விட்டுப்போச்சு சிஸ்டர். சேர்த்துப் போட்டுட்டேன்.”

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு தடவை கழுத்து திரும்பியிருக்கும். “விட்டுப்போச்சா? விட்டீங்களா?” என்றாள்.

“விட்டேன்” என்றேன்.

நர்ஸ் திட்டவில்லை. “மாத்திரைக்கு ஓவர்டைம் கிடையாது அண்ணா. விட்டது விட்டதுதான், சேர்த்துப் போடவே கூடாது. ரெண்டு மூணு நாள் விட்டுட்டா நீங்களா எதுவும் செய்யாம எங்ககிட்ட கேளுங்க. இது தாள்லயே இருக்கே, படிக்கலையா?”

“முழுசாப் படிச்சேன் சிஸ்டர். மூணு நாள் படிச்சேன். அதுல இல்ல.”

அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் முழுக்க எழுத்து.

நான் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மனைவிதான், “அந்தப் பக்கத்தை இவர் அலமாரிக்குப் படிக்கக் கொடுத்துட்டார்” என்றாள். நர்ஸ் முதலில் விழித்தார், பிறகு விஷயம் புரிந்து சிரித்தார். அதன்பின் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை என்னோடு சேர்ந்து படித்தார். குரல் நின்றுவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, நின்றதற்குக் காரணமே மருந்துதான். மதுவைத் தொடக் கூடாது. வெயிலில் வேலை என்றால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். தூக்கம் தெளியும்வரை இயந்திரத்தருகே போகக் கூடாது. காய்ச்சலோடு உடம்பு விறைத்து மனம் குழம்பினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்.

“தூக்கமா வருதுன்னு ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்று டாக்டர் கேட்டார்.

“சொன்னா மாத்திரையைக் கூட்டிடுவீங்கன்னு பயம் சார்.”

அவர் கூட்டவில்லை. அளவைக் கொஞ்சம் குறைத்து, காலையில் போட்டதை இரவு எட்டு மணிக்கு மாற்றினார். எடை பார்த்தார், ரத்தத்தில் சர்க்கரை பார்க்க எழுதினார், இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஈரத்துணி வைத்துத் தாளை உரித்தாள். பாதி கிழிந்துதான் வந்தது. புதுத் தாளை இரண்டு பக்கமும் பார்க்கும்படி ஆணியில் தொங்கவிட்டாள்.

இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டோம். ஏதாவது சத்தம் சந்தேகமாக இருந்தால் அவளிடம், “உனக்குக் கேக்குதா?” என்று கேட்பேன். கேட்டால் கேட்கிறது என்பாள், இல்லாவிட்டால் இல்லை என்பாள். “அங்க ஒரு காந்தம், இங்க நான் ஒரு காந்தம்” என்றாள். பத்து மணிக்குத் தலை தொங்குவது மெல்ல மெல்ல நின்றது. கூலி ஏறியது. வாரா வாரம் இருநூறு போய்க்கொண்டே இருந்தது.

முப்பத்தொன்றாவது வாரத்தில் முதலாளி மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தார். அதில் ஒரு சீட்டு கிடைத்தது. தராசு பழுது பார்ப்பவர், நான் அதைப் போட்டு உடைப்பதற்கு ஒரு வாரம் முன்பு எழுதி வைத்தது. பத்து கிலோவுக்கு முந்நூறு கிராம் குறைத்துக் காட்டுகிறது, சரிசெய்து பயனில்லை, மாற்றிவிடவும்.

“சத்தியமா நான் இதைப் பார்க்கவே இல்லப்பா” என்றார் முதலாளி. முகம் வெளுத்திருந்தது.

பிரஸ்காரர் எட்டிப் பார்த்தார். “தராசு பொய் சொல்லுதுன்னு நீ அன்னைக்கே கத்தினியே. நீ சொன்னது சரிதான்டா காந்தம். உனக்கு வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடு.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் போய் இனிப்பாக ஒட்டிக்கொண்டது. நான் சரி. நான் அப்போதே சரி. பத்தொன்பது நாளும் ஊசியும் எல்லாம் வீண். முதலாளியிடம் நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு, வழி நெடுக அதையே மென்றுகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி சீட்டு விஷயத்தைக் கேட்டாள். பிறகு, “தராசு உங்ககிட்ட முந்நூறு கிராம் குறையுதுன்னா சொல்லுச்சு?” என்றாள்.

யோசித்தேன். முந்நூறு கிராம் பற்றி அது ஒரு சொல்கூடப் பேசவில்லை. அது எண்ணியது என் மகளின் எலும்பை. மகள் பக்கத்து அறையில் சீப்பைக் காணவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லா எலும்பும் அவளிடம்தான் இருந்தது.

“உனக்குக் கேக்குதா?” என்றேன்.

“அவ கத்துறது தெருவுக்கே கேக்குது” என்றாள்.

எட்டு மணி. ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். ஒன்றே ஒன்று.

மறுநாள் அவளும் கிடங்குக்கு வந்தாள். “பழுதான தராசுக்குப் புதுத் தராசு விலையா ஐயா? இவர் போட்டு உடைச்சது தப்புதான், அதுக்குக் கட்டினது கட்டினதா இருக்கட்டும். மீதி?”

“அதைத்தாம்மா நானும் நேத்தே சொல்ல நினைச்சேன். நீ எதுக்குச் சலவைக்கடையில இருக்கே? வியாபாரத்துக்கு வந்திருக்கலாம்” என்றார் முதலாளி.

பிரஸ்காரரைப் பார்த்து நான், “அண்ணே, தராசுக்கும் பழுது, எனக்கும் பழுது. ரெண்டும் வேற வேற. மாத்திரை தொடரும்” என்றேன்.

“சரிப்பா. எனக்கென்ன தெரியும்” என்று பிரஸ் பக்கம் போய்விட்டார்.

முதலாளி என் கடன் எழுதியிருந்த தாளை உருவினார். மீதி ஆறாயிரத்து இருநூறின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். பிறகு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.