ஆசிக்குள் அடங்காத இணைச்சீர்

“எல்லாம் புது ஹார்டு டிஸ்க்குக்கு ஏறிருச்சுங்கம்மா. ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது” என்றார் ஸ்டூடியோ மதியழகன்.

“எதுங்க?” என்றாள் அங்கம்மாள். மகன் குணசீலனின் கல்யாணப் படங்களை வாங்க, மகள் ரஞ்சனியோடு செவ்வாய்ப்பேட்டைக்கு வந்திருந்தாள்.

“இணைச்சீருங்க.”

ரஞ்சனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவளை வைத்துச் செய்கிற சீர் அது. மொத்தக் கல்யாணத்திலும் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

“எம் படம் மட்டும் எப்படிங்க வராம போகும்?”

“பழைய டிரைவுல நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகையில இருக்கற மாதிரியே ஒரு பேருக்குள்ள ஒரு பேரா ஃபோல்டர் போட்டிருந்தேன். பேரு உட்டுப்போச்சுன்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாது பாருங்க. காலைல அம்மா போன் பண்ணி, புதுசுல எல்லாத்தையும் தாத்தா பாட்டி ஆசிக்குள்ள வைக்கச் சொன்னாங்க. ‘தெய்வத்திரு சின்னண்ணன் காளியாத்தாள் அவர்களின் நல்லாசியுடன்’னு மேல ஒண்ணு போட்டேன். அத்தனை பேரும் சேர்ந்து பாதை நீளமாயிருச்சு. இத்தனை எழுத்துக்கு மேல கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க. கொம்பையும் காலையுங்கூடத் தனியா எண்ணுது. கடைசில இருந்த இணைச்சீர் வெளிய நின்னுருச்சு.”

“அப்ப பழசுலயே இருக்கட்டும்.”

“சாயங்காலம் ஓமலூர்ல ஒரு கல்யாணங்க. அதை அழிச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போகோணும்.”

ரஞ்சனி அம்மா பக்கம் திரும்பினாள். “யாரு பேரையாச்சும் குறைக்கலாம். அப்பா பேருக்கு முன்னால ‘விவசாயப் பெருங்குடி’ எதுக்கு?”

“அதை எடுத்தா உங்கப்பா சோறு திங்க மாட்டாரு.”

“பொண்ணோட படிப்பு?”

“சம்பந்தி ஊட்ல கேப்பாங்க சாமி.”

“மண்டபத்துப் பேரு?”

“மண்டபமே உங்க பெரிய மாமனுது.”

“தாத்தா பாட்டி ஆசி?”

“செத்தவிங்கள நறுக்கச் சொல்றியா?” அங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “உம் பேரை வேணா எடுத்துரலாம் அம்மிணி. நீ ஒண்ணும் நெனைச்சுக்க மாட்ட.”

மதியழகன் எடுத்துப் பார்த்தார். “அப்பவும் பத்தலீங்க.”

“யாருக்குள்ளயும் போகாம வெளியவே வெச்சா?” என்றாள் ரஞ்சனி.

“அப்படீன்னா வந்துருங்க்கா. ஆனா தனியா நிக்கும்.”

“கட்டிக்குடுத்த புள்ள. நிக்கட்டும்” என்றாள் ரஞ்சனி. “எடுத்த பேரைத் திரும்பப் போடுங்க.”

ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்த பிறகுதான் அவள் பழைய டிரைவை அழிக்க விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ரஞ்சனியின் அப்பா கந்தவேல் ஹார்டு டிஸ்க்கை டிவியில் செருகினார். இரண்டு ஃபோல்டர்கள் தெரிந்தன. முதலில் ஆசியைத் திறந்தார். அதற்குள் அவரும் அங்கம்மாளும், அதற்குள் மாப்பிள்ளை, அதற்குள் பெண், அதற்குள் மண்டபம். மண்டபத்து வாசல் வரை போனவர் பொறுமை இழந்து திரும்பி வந்து, மற்றதை அமுக்கினார். அது உடனே திறந்தது.

எல்லோரும் இணைச்சீர் பார்த்தார்கள். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம் பார்த்தார்கள். “கல்யாணம் நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். புது மருமகள் தனப்பிரியா, தான் ஒரு படத்திலும் இல்லாத கல்யாணத்துக்கு டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மாள் மகளின் காதருகே குனிந்தாள். “ஏஞ்சாமி, இதையும் உள்ள தள்ளீர முடியாதா?”

“முடியாதும்மா” என்றாள் ரஞ்சனி. “நீளமாயிரும்.”