அரக்குக்குக் கீழே

...நான்கு பேர் இருந்தோம், பின்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்பதால் இதை இப்போதே தெளிவாக வைத்துக்கொள்கிறேன், பெரியப்பா கண்ணுசாமி, அவர் மகள் சுடர்விழி அக்கா, பேராவூரணியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அம்சவல்லி அத்தை, நான். ஐந்தாவதாக வேண்டுமானால் தாத்தாவின் ஜப்பானிய வாளைச் சேர்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வைமேல் கிடந்தது, நேற்றைய ஆயுத பூஜைச் சந்தனம் அலகில் காய்ந்து ஒட்டியிருந்தது. காலை பதினொரு மணி. எனக்கு அது தூங்குகிற நேரம், வேலையை விட்டு எட்டு மாதமாகியும் உடம்பு இன்னும் சென்னை நைட் ஷிப்டிலேயே இருக்கிறது... ஒன்றரைக்கு கேப், விடிவதற்குள் நூறு ஜப்பானிய பில், தேதியைப் படி, ஆங்கில வருஷமாக மாற்று, டைப் அடி. பதினான்கு மாதத்தில் விட்டுவிட்டேன். அந்தப் பதினான்கு மாதத்துக்கு நீடாமங்கலத்தைச் சுற்றி ஏதாவது உபயோகம் உண்டா என்றால், இந்த ஒரு காலைதான். “டேய் தூங்குமூஞ்சி, எழுத்த மட்டும் படி, கதை விடாத” என்றார் பெரியப்பா.

கதை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தாத்தாவும் அவர் தம்பியும் மலேயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவர்கள், யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான். நாற்பத்திரண்டில் ஓர் அதிகாரி என் சமையல் பிடித்துப்போய் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனான், அந்த வருஷமே இந்த வாளைக் கொடுத்தான், சண்டை முடிகிறவரை அங்கேதான் இருந்தேன் என்பார் தாத்தா. மறு வருஷம் தம்பியைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், செத்தான், நான் பக்கத்தில் இல்லை என்பார். அந்தத் தம்பியின் மகள்தான் அத்தை. நாற்பத்தாறில் தாத்தா அவளையும் அவள் அம்மாவையும் வாளையும் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார், வளர்த்தார், கட்டிக்கொடுத்தார். இவ்வளவு செய்தவரை யார் கேள்வி கேட்பது... எண்பத்து மூன்று வயதுவரை அத்தை கேட்கவில்லை. போன மாதம் மலேசியாவிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரக் கிழவி, “சயாமுக்கு உங்க அப்பாவும் அவரு அண்ணனும் ஒரே லாரியிலதான் ஏறுனாங்கன்னு எங்கம்மா சொல்லும்” என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான், பிடிக்குள் வருஷம் வெட்டியிருக்கும் என்று நான் போனில் பார்த்துச் சொன்னதைக் கேட்டு, அத்தை வாளைப் பிரிக்கச் சொன்னாள். அப்பா சாகும்போது கூட யார் இருந்தது என்று கேட்க அவளுக்கு இந்த இரும்பை விட்டால் வேறு ஆள் இல்லை.

பிடிக்குள் போகிற பகுதியில்தான் செய்தவன் பெயரையும் வருஷத்தையும் வெட்டுவார்கள், ஒரு மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். இது கழலாது, தாத்தா ஊர் ஆசாரியிடம் கொடுத்து, கருக்கரிவாளுக்கு ஊற்றுவதுபோல அரக்கு ஊற்றி அடைத்துவிட்டார். பிடி ஆடியதாம், அவர் சொன்ன காரணம். ஜப்பானிய வாளை நெல்லறுக்கிற அரிவாளாக நினைத்துப் பிடி போட்டது இந்த ஊராகத்தான் இருக்கும். நெருப்பில் காட்டக் கூடாது என்றேன், அக்கா கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். “வேணாங்கா, வாளு வீணாப் போயிடும்” என்றார் பெரியப்பா அத்தையிடம். “போனா என்ன தம்பி, இத வச்சு குறுவையா அறுக்கப் போற?” என்றாள் அத்தை. அரக்கு இளகிக் கையில் ஒட்டியது, நாற்றம், உள்ளே ஆப்பு தெரிந்தது, ஆணி வைத்து நாலு தட்டு தட்டித்தான் வந்தது, பிறகு பிடியும் வந்தது. பழைய வாள் என்றால் அங்கே கருந்துரு ஏறியிருக்க வேண்டும், துருவின் நிறத்தில்தான் வயதைப் பார்ப்பார்கள். இது சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது, நானூறு வருஷத்து ராஜா வாள் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அதோடு முடிந்தது. ஒரு பக்கம் பெயர், எனக்குப் பாதிதான் படிக்க வந்தது. மறுபக்கம் சின்ன நட்சத்திர முத்திரை, போனில் தேடினேன், யுத்த காலத்தில் ராணுவத்துக்கென்று அடித்தது. அதன் கீழே தேதி. ஷோவா பத்தொன்பது, நான்காம் மாதம். ஷோவா என்று வந்தால் 1925ஐக் கூட்ட வேண்டும், பில்லில் ஆயிரம் தடவை கூட்டியிருக்கிறேன். கூட்டினேன். இன்னொரு தடவை கூட்டினேன்.

“நாப்பத்திரண்டுன்னுதானே போட்டிருக்கு?” பெரியப்பா கேட்டது கேள்வி மாதிரி இல்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்புத் தேதி எத்தனை அடித்திருக்கிறேன், எவன் செத்தான்... இரக்கமோ நேர்மையோ இல்லை, பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. “நாப்பத்தி நாலு. ஏப்ரல்” என்றேன். “எவனாச்சும் ரெண்டு வருசம் தள்ளி வெட்டியிருப்பான்” என்றார் அவர். “வராத வருசத்த எப்படிப்பா வெட்டுவான், பஞ்சாங்கமா?” என்றாள் அக்கா. தெருவில் அறுப்பு மெஷின் ஒன்று போனது. அப்புறம் அத்தை என்னைப் பார்த்து, “அப்ப ஒரே லாரிதானா?” என்றாள். “அது இதுல போடல அத்தை. தாத்தா சொன்ன வருசம் பொய், நாப்பத்தி மூணுல அவரு எங்க இருந்தாருன்னு இது சொல்லாது. அவ்ளோதான் தெரியும்.” அவள் வாளைத் தொடவில்லை. “கூட இருந்தேன்னு சொல்லியிருந்தா நான் என்ன சண்டைக்கா போயிருப்பேன்?” யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பன்னிரண்டு மணி பஸ் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள், அக்கா கூட எழுந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

நான் நகத்தில் ஒட்டிய அரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், ஆப்பு மேஜையில் கிடந்தது, எடுத்து உருட்டிப் பார்த்தேன், உடையவில்லை, தேயவில்லை. நாலு தட்டு... அவ்வளவு இறுக்கமாக ஆப்பு இருந்தால் பிடி எப்படி ஆடும்? ஆடாத பிடிக்கு எதற்கு அரக்கு? மூன்றரை வருஷம் ஜப்பான்காரனோடு இருந்த தாத்தாவுக்கு ஒன்று முதல் பத்துவரை அந்த எழுத்து தெரியாமலா இருந்திருக்கும்... பெரியப்பாவுக்கும் இது தெரியுமா? நான் ஆப்போடு நிமிர்ந்தேன், அத்தை வாசல்படியில் ஒரு கால் வைத்திருந்தாள், கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். பெரியப்பா என் கையைப் பார்த்தார். பட்டப்பகலில் இந்த வீட்டுக் கதவை யாரும் சாத்துவதுகூட இல்லை. அவள் இறங்கியதும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார், சாவியையும் திருப்பினார்.