பிறைக்காரர் படிக்காத பலகை

பள்ளிவாசல் குவிமாடத்தின் உச்சியில் ஏற்றுகிற செம்புப் பிறை வேண்டுமென்றால், அந்த நகரத்தில் எல்லோரும் ஒரே பட்டறைக்குத்தான் போவார்கள். பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. தெருவுக்கு அவர் பிறைக்காரர். செம்புத் தகட்டில் இரண்டு ஆணி அடித்து, நூல் கட்டி, பெரிய வட்டம் ஒன்று இழுப்பார். அதற்குள்ளேயே சற்றுத் தள்ளிச் சின்ன வட்டம் ஒன்று. சின்னதை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிறை. ஆணிக்கும் ஆணிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், "கண்ணுதான் அளவு" என்பார், அளவுகோலையே பார்க்காதவர் மாதிரி. கோபம் மட்டும் எப்போதும் மூக்குக்கு மேல்.

மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். வீட்டில் அவரும் ஒரே மகளும். மகளுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. பழைய காசுகளைத் துடைத்து, எடை பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, பக்கத்தில் அது என்ன ஏது என்று எழுதி வைக்க வேண்டும். படித்த பெண் என்று வெளியில் பெருமையடித்துக்கொள்வார், வீட்டுக்குள் வந்தால், "செல்லாக்காசைத் துடைக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று வம்பிழுப்பார். அவளும் சளைத்தவள் இல்லை.

ஒரு சாயங்காலம் அவள் வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து செல்போனை நீட்டினாள்.

"அத்தா, உங்களுக்கு முன்னாடியே ஒருத்தன் இந்தத் தொழில் பண்ணியிருக்கான், பாருங்க."

தேய்ந்த வெள்ளிக் காசு. அதில் ஒரு பிறை, பிறைக்கு நடுவே ஒரு விண்மீன்.

"எப்பவோடது?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல. நம்ம மார்க்கம் வர்றதுக்கு ரொம்ப முந்தி."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "முனை மொத்தையா இருக்கே. நம்ம ஆளுங்க இதைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, பிறை எங்கெங்கே இருந்து எப்படியெல்லாம் வந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் பாதியைக் காதில் வாங்கினார், பாதியை வாங்கவில்லை. அந்த வீடு கடைசியாகச் சிரித்த நாள் அதுதான்.

மறுவாரம் காசு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பக்கத்தில் அவள் எழுதிய பலகையும் ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை டீக்கடையில் பள்ளிவாசல் செயலாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்னண்ணே, பிறை நம்மளது இல்லைன்னு உங்க மகளே எழுதி மாட்டிட்டாளாமே. இனி உங்க பட்டறையில என்ன செய்வீங்க, கரண்டியா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தார்.

"அந்தப் பலகையைக் கழட்டு."

"எதுக்கு? அதுல பொய் ஒண்ணும் இல்லத்தா. படிச்சீங்களா?"

"நான் படிக்க வேண்டியதில்லை. ஊரே படிச்சுட்டுச் சிரிக்குது."

"ஒரு தடவை வந்து படிங்க. அப்புறம் சொல்லுங்க, கழட்டுறேன்."

பிடிவாதத்தில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு. அவராவது கொஞ்சம் யோசித்திருக்கலாம், வயதில் பெரியவர். யோசிக்கவில்லை. "அது அங்க தொங்குற வரைக்கும் நீ இந்த வாசப்படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கிற தோழியின் அறைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். செய்தித்தாளில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அத்தா" என்றாள், ஒரே தடவை.

பிறையின் முன் தகட்டையும் பின் தகட்டையும் சேர்த்துப் பற்றவைக்கும்போது கையை எடுக்க முடியாது. தீயை நடுவில் விலக்கினால் மூட்டு விரிந்துவிடும். அந்த நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும் அவர் நிமிரமாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு மூட்டு வேலை காலையிலேயே முடிந்திருந்தது. அவர் சும்மா உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்தார். கடைசியில் நிமிர்ந்தபோது வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

பதினொரு மாதம் போனது. அவளிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது; எடுக்கவில்லை. ஒருநாள் அருங்காட்சியகத் தெருமுனை வரைக்கும் போய்விட்டு, ஆணி வாங்க வந்தவர் மாதிரி எதிர்க் கடையில் அரைக் கிலோ ஆணி வாங்கிக்கொண்டு திரும்பினார். மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் வழக்கு.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மூன்றாம் நாள். "அம்மாடி, அத்தா வந்திருக்கேன்" என்று காதோரம் எத்தனையோ தடவை சொன்னார். அவள் திரும்பவில்லை. நாலாம் நாள் எல்லாம் முடிந்தது. அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர், கை கழுவக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்துச் செயலாளர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர்தான், குழி வெட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் முன்னே நின்று பார்த்தவர்.

"அறிவான பிள்ளை அண்ணே. அந்தப் பலகையைப் போட்டப்பவே நான் போய்ப் படிச்சேன். எவ்வளவு அழகா எழுதியிருந்தா."

பிறைக்காரர் தலையைத் தூக்கினார். "நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேனே. அதுல தப்பா என்ன இருக்கு?"

"அப்புறம் ஏன் அன்னிக்கு டீக்கடையில அப்படிச் சொன்னீங்க?"

"எப்படிச் சொன்னேன்?" என்று செயலாளர் புருவத்தைச் சுருக்கினார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் பிறைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனார். மகள் ஆறு வருடம் வேலை பார்த்த இடத்துக்குள் அன்றுதான் முதல் தடவையாகக் கால் வைத்தார். காசு அறையைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். மொத்தை முனைப் பிறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பக்கத்துச் சுவரில் நாலு திருகாணித் துளைகள் மட்டும். பலகை இல்லை.

மகளோடு அறையில் தங்கியிருந்த தோழி, அவரைக் கண்டதும் மேசையை விட்டு எழுந்து வந்தாள்.

"இங்க ஒரு பலகை இருந்துச்சேம்மா. என் மக எழுதினது."

"அதை அக்கா அப்பவே கழட்டிட்டாங்கப்பா. வீட்டை விட்டு வந்த மூணாம் நாளே. பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு, உங்ககிட்ட காட்டத்தானே பட்டறைக்கு வந்தாங்க. அத்தா நிமிர்ந்தே பார்க்கலைன்னு சொன்னாங்க. கழட்டியும் மனசு இறங்கலைன்னு நினைச்சுட்டாங்க."

அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி மாட்டிடலாம்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. ஒருநாள் அத்தா இங்க வருவார், வர்றப்போ இது இருக்கக் கூடாதுன்னாங்க."

அவள் உள்ளே போய் மகளின் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தாள். செய்தித்தாள் மஞ்சளேறிவிட்டது. அவர் பிரித்து, எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார்.

"பிறையும் விண்மீனும் பொறித்த வெள்ளிக் காசு. இஸ்லாம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பல நகரங்களும் அரசர்களும் இந்த அடையாளத்தைப் பயன்படுத்தினார்கள். தொடக்க கால முஸ்லிம்களின் கொடிகளில் பிறை கிடையாது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு உதுமானியப் பேரரசின் கொடியில் ஏறி, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. வேதம் கொடுத்த சின்னம் அல்ல இது. மக்கள் அன்பு வைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டது."

இரண்டாம் தடவையும் படித்தார். அவரைக் குறை சொல்கிற ஒரு வார்த்தையைத் தேடினார். ஒன்றாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதைத் திரும்ப மாட்டணும்மா."

"உங்களுக்குப் பரவாயில்லையாப்பா?"

"நிஜத்தைத்தானே எழுதியிருக்கா. இது தொங்கணும். யார் கேட்டாலும் அவ அத்தா சொன்னார்னு சொல்லு."

அவள் அதிகாரியிடம் கேட்டுவிட்டு, திருகாணியும் திருப்புளியும் கொண்டு வந்தாள். ஆள் வைத்துச் செய்கிறோம் என்றதை அவர் கேட்கவில்லை. எத்தனையோ குவிமாடங்களின் உச்சியில் நின்று முடுக்கிய கையிலிருந்து, இடுப்பளவு உயரத்தில் ஒரு திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. நாலையும் முடுக்கிவிட்டு, கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்றார்.

பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். அவர் நகரவில்லை. மதியத்துக்கு மேல் அந்தப் பெண் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

"உட்காருங்கப்பா. இன்னும் எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

"அன்னிக்கு அவ வாசல்ல எவ்வளவு நேரம் நின்னான்னு எனக்குத் தெரியலையேம்மா" என்றார் அவர். "தெரிஞ்சா அவ்வளவு நேரம் நின்னுட்டுப் போயிடுவேன்."