பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

விஜயதசமி காலையில் பூஜையெடுத்த கையோடு ஸ்டூடியோ கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அதன் நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. பின்னால் நாற்காலியில் சபீனா. வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து சாலைக் கடைவீதியிலிருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் முடிந்த வாரமே மாப்பிள்ளை ஷார்ஜாவுக்குப் பறந்துவிட்டான். கல்யாணப் படம் ஒன்றைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை. என் புது டிஜிட்டல் கேமராவுக்கு அதுதான் முதல் கல்யாணம். படமெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். கேமரா கார்டை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டேன், மகா புத்திசாலி!

திரையில் வழக்கமான படம் வரவில்லை. நீலப் பட்டை ஒன்று ஊர்ந்து நீண்டது. இதென்ன புதுக் கூத்து என்று பார்ப்பதற்குள், அடுத்த அறைக் கம்ப்யூட்டர் சென்டர் இசக்கிசெல்வி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"பூதலிங்கம் அண்ணே, வயரப் பிடுங்குங்க! ஐயோ, பிடுங்குங்கண்ணே!"

நான் திருதிருவென்று விழித்தேன். அவளே மேஜைக்கடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை செத்தது.

"எந்தா அண்ணா, கரண்ட் போயோ?" என்று மலையாளத்தில் கேட்டாள் சபீனா.

"ஆமாம்மா." வேறென்ன சொல்ல!

செல்வி என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனாள். சென்டர் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் புது சிஸ்டம் ஏற்ற ஏற்பாடு செய்திருந்தாளாம். வயரில் சேர்ந்திருக்கிற எதை ஆன் செய்தாலும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதுசு ஏறிவிடும். எனக்கு இன்டர்நெட் கிடைக்கட்டும் என்று அவள் ஜன்னல் வழியாக விட்டுத்தந்த வயரும், சென்டர் வயர்களெல்லாம் வந்து சேரும் அதே பெட்டியிலிருந்துதான் வருகிறது.

"அப்பவே என் வயர உருவ வேண்டியதுதானட்டீ!"

"பெட்டியும் ஆன்லயே பூஜையில இருந்துச்சுண்ணே. பூஜை எடுக்குறதுக்கு முன்னாடி எப்படித் தொட? நீங்க வர முந்தி வந்திரலாம்னு நெனச்சேன். பஸ் லேட்டாயிருச்சு."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் நானும்தானே, நல்ல நேரம் தப்பிவிடக்கூடாதென்று சீக்கிரமே வந்து சுவிட்சைத் தட்டினேன்!

செல்வி என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அவளுடைய சென்டரில் வயரில் சேராத ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். அழிந்ததைத் தோண்டியெடுக்கிற புரோகிராம் ஒன்று ஓடியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. அந்தப் பெண் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

கடைசியில் ஒரு படம் மேலிருந்து வரிவரியாகத் திறந்தது. பந்தல் ஜிகினா, மாப்பிள்ளையின் தொப்பி, நெற்றி, கண்கள். அதோடு நின்றது. கீழே வெறும் சாம்பல் நிறம்.

"பாக்கி எவிடே அண்ணா?"

சபீனா எப்போது வந்து நின்றாள் என்றே தெரியவில்லை. செல்வி கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சபீனா ஸ்டூலை இழுத்துப்போட்டுத் திரையை ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்த படம் திறக்க ஆரம்பித்தது. ஜிகினா. தொப்பி. நெற்றி. நகத்தில் மட்டும் மருதாணி மிச்சமிருந்த விரலை நீட்டி, உதடு வரவேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.